பூட்டை நம்பலாம், அட்டையை நம்பலாமா?

கொழும்பில் சைக்கிளை வைத்துப் பிழைக்கும் எம்மவர்களிடையே ஒரு கேள்வி அடிக்கடி எழுகின்றது. சில பூட்டுகளோடு ஓர் அட்டையும் சேர்ந்து வருகிறது. களவுக்கு எதிரான உத்தரவாதம் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். அட்டையில்லாத பூட்டைவிட அதற்கு விலை அதிகம். வெள்ளவத்தை ஒழுங்கைகளில் மரக்கறி கொண்டு திரிபவரும், கொட்டாஞ்சேனையிலிருந்து விடியவெள்ளன புறக்கோட்டைக்குக் கூலிவேலைக்குப் போகிறவரும், இரவில் உணவுப்பொதியோடு ஓடும் பிள்ளையும் அந்தக் கூடுதல் காசைக் கொடுக்கலாமா?

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நல்ல பூட்டுக்குக் காசு செலவழியுங்கள். அட்டைக்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்க வேண்டாம்.

காணியை விட்டு வந்த விவசாயிக்கு மண்வெட்டியால் என்ன பயன்? தண்ணீர் இறைக்கும் மெசினால் என்ன பயன்? கிணறும் தோட்டமும் அங்கே நின்றுவிட்டன. அவரோடு கூடவந்த ஒரே தொழிற்கருவி சைக்கிள்தான். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு எழும்பியவர்களும், 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமத்திலிருந்து தென்மராட்சி நோக்கிச் சனத்தோடு சனமாக நகர்ந்தவர்களும், கரியரில் அரிசி மூட்டையையும் பாரில் பிள்ளையையும் வைத்துச் சைக்கிளை உருட்டியதை மறந்திருக்கமாட்டார்கள். பெற்றோல் தடைப்பட்டிருந்த அந்த ஆண்டுகளில் குடாநாடு முழுவதும் சைக்கிளில்தான் ஓடியது. வலிகாமம் வடக்கில் விடுவிக்கப்படாத காணிகள் இன்னமும் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரரில் ஒரு பகுதியினர் கொழும்பில் அறை எடுத்து இருந்து, அந்த இருப்பிலேயே நரைத்தும் போய்விட்டார்கள்.

பிறகு 2022 வந்தது. அவ்வாண்டு யூன் மாதக் கடைசியில் அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டுமே எரிபொருள் என்று அரசாங்கம் அறிவித்தபோது, மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்களும் டாம் வீதிச் சைக்கிள் கடைகளை நோக்கி ஓடினார்கள். இறக்குமதிக்குக் கட்டுப்பாடு, கையிருப்போ குறைவு. பழைய சைக்கிளுக்கும் புதிதின் விலை சொன்னார்கள். அதுவரை ஏழையின் வாகனம் என்று திரும்பியும் பாராதிருந்த கள்வருக்கும் அதன் பெறுமதி விளங்கிவிட்டது.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஊரில் வெங்காயம் செய்தவர். இப்போது வெள்ளவத்தையில் வீடு வீடாகக் கீரையும் மரக்கறியும் கொடுக்கிறார். ஒரு மாடிவீட்டுத் தொகுதியில் நாலாம் மாடிக்கு ஏறி இறங்கிய பத்து நிமிடத்தில் கீழே சைக்கிள் இல்லை. பூட்டும் இல்லை. பூட்டோடு கிடைத்த அட்டை மட்டும் வீட்டுப் பெட்டிக்குள் மடிப்புக் குலையாமல் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். “அண்ணை, உது பூட்டுப் பழுதாய்ப் போனால்தான். சைக்கிள் போனதுக்கு நாங்கள் என்ன செய்யிறது?” என்றார் கடைக்காரர். அட்டையின் பின்பக்கத்தில், சின்ன எழுத்தில், ஆங்கிலத்தில் இருந்ததைப் படிப்பித்துப் பார்த்தால், நட்டஈடு கோருபவர் உடைந்த பூட்டை ஒப்படைக்க வேண்டும் என்று கண்டிருந்தது. பூட்டைத்தான் கள்வன் சைக்கிளோடு கொண்டுபோய்விட்டானே! அவர் சிரித்துக்கொண்டுதான் இதைச் சொன்னார். ஆனால் அந்த மாதம் வீட்டு வாடகைக்கு மனைவியின் தோடு அடகுக்குப் போனது.

கடைக்காரர் பொய் சொல்லவில்லை என்பதையும் நாம் ஒத்துக்கொள்ள வேண்டும். உத்தரவாதம் என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு சங்கதிகள் இருக்கின்றன. பூட்டு தானாகப் பழுதானால், சாவி உள்ளே முறிந்தால், மாற்றித் தருவோம் என்பது ஒன்று. பூட்டை உடைத்துச் சைக்கிளைக் கொண்டுபோனால் சைக்கிளின் பெறுமதியைத் தருவோம் என்பது மற்றது. முதலாவது சாதாரண வியாபார வாக்கு. இரண்டாவது உண்மையில் ஒரு காப்புறுதி. காப்புறுதி என்றால் தவணைப்பணம் இருக்கும், பதிவு இருக்கும், நிபந்தனைகள் இருக்கும், மறுக்கும் உரிமையும் அவர்களிடம் இருக்கும். விற்கும்போது இரண்டாவதை நினைக்கும்படி கதைத்து, திரும்பிப் போனால் முதலாவதைக் காட்டுவது எங்கும் நடக்கிறது.

சரி, இரண்டாவது வகை உண்மையாகவே உள்ள பூட்டு கையில் இருந்தால்? அப்படியும் சில வீடுகளில் உண்டு. ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினர் ஊர் நிலவரம் கேட்டு, ‘ப’ வடிவில் வளைந்த கனத்த இரும்புப் பூட்டு ஒன்றைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து கொடுத்திருப்பார். ஆயிரக்கணக்கான டொலர் வரை நட்டஈடு என்று அதன் உறையில் பெரிதாகப் போட்டிருக்கும். இந்த விதமான வாக்குறுதிக்குப் பேர்போன நிறுவனம், 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் மாநிலத்தில் தோன்றிய கிரிப்டோனைட். அவர்களுடைய பூட்டு நல்ல பூட்டுத்தான். ஆனால் நட்டஈட்டு வாக்குறுதி அமெரிக்கா, கனடா, ஐரோப்பாவின் சில நாடுகள் என்று எல்லை குறித்துத் தரப்படுவது. இலங்கை அந்த எல்லைக்குள் இல்லை. பூட்டு விமானம் ஏறி வந்துவிடும். வாக்குறுதி கட்டுநாயக்காவில் இறங்காது.

அந்த நாடுகளில் இருப்பவர்களுக்கே அது இலேசான காரியமல்ல. பூட்டை வாங்கிக் குறித்த நாட்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். பூட்டு வாங்கிய பற்றுச்சீட்டு வேண்டும். சைக்கிள் வாங்கிய சீட்டும் வேண்டும். சட்டத்தில் பொறித்த இலக்கம் வேண்டும். களவு நடந்ததும் தாமதியாது பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி எடுக்க வேண்டும். உடைந்த பூட்டையும் சாவியையும் அனுப்ப வேண்டும். பூட்டைத் தவறான இடத்தில் போட்டிருந்தால், மறதியாகத் திறந்து விட்டிருந்தால், எதுவும் இல்லை. எம்மில் எத்தனை பேர் சைக்கிளைப் பற்றுச்சீட்டோடு வாங்கினோம்? தெரிந்தவரிடம் கைமாறி வாங்கியது, மச்சான் வெளிநாடு போகும்போது விட்டுப்போனது, மீள்குடியேற்றத்தின்போது நிறுவனம் ஒன்று கொடுத்தது. காணி உறுதியே எரிந்தும் தொலைந்தும் போன குடும்பங்களிடம் சைக்கிளுக்குச் சீட்டுக் கேட்டால் எங்கே போவது? இந்த உத்தரவாதம் வீட்டில் கோப்புக் கட்டி வைத்திருக்கும் மனிதருக்காக எழுதப்பட்டது. இடம்பெயர்ந்தவர் முதலில் இழப்பது அந்தக் கோப்பைத்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சைக்கிள் களவுக்குப் பேர்போன நகரம் நியூயோர்க். அந்த நகரத்துக்கு மட்டும் உத்தரவாதம் செல்லாது என்று கிரிப்டோனைட் விலக்கி வைத்திருந்த காலமும் இருந்தது. பிறகு நியூயோர்க்கின் பெயரிலேயே அதிக பாரமும் அதிக விலையும் உள்ள பூட்டுகளைச் செய்து விற்றார்கள். வியாபாரமாகப் பார்த்தால் இதில் குற்றம் காண முடியாது. ஆனால் மழை பெய்யாத ஊரில் மட்டும் குடை கொடுப்பவரை நம்பி எவரும் நெல்லைக் காயப்போடமாட்டார்.

2004 செப்ரெம்பரில் நடந்தது இன்னும் விசேடம். உருளைச் சாவி போடும் அவர்களுடைய பூட்டுகளைச் சாதாரண பிக் பேனையின் பிளாஸ்ரிக் குழாயைச் செருகித் திருப்பியே திறக்கலாம் என்று ஒருவர் படம் எடுத்துக் காட்டினார். அமெரிக்கா முழுவதும் அமளி. இத்தனைக்கும் அதே விதப் பூட்டுகளின் இந்தப் பலவீனத்தை 1992 இலேயே பிரித்தானியச் சைக்கிள் சஞ்சிகை ஒன்று எழுதியிருந்தது. நிறுவனம் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பூட்டுகளை இலவசமாக மாற்றிக் கொடுத்தது. அதை மெச்சத்தான் வேண்டும். ஆயினும் யோசித்துப் பாருங்கள். பேனையால் திறந்த பூட்டில் உடைந்த அடையாளம் எங்கே இருக்கும்? உடைத்ததற்கு அத்தாட்சி கேட்கும் உத்தரவாதம் அங்கே எப்படி உதவும்?

பிரித்தானியாவில் 1992 இல் பொலிஸாரின் முயற்சியால் ‘சோல்ட் செக்கியுர்’ என்றொரு பரிசோதனை அமைப்புத் தொடங்கப்பட்டது. பூட்டுகளை உடைத்துப் பார்த்துத் தரம் போடுவது அதன் வேலை. நெடுங்காலம் அவர்கள் வைத்திருந்த அளவு எது தெரியுமா? வெண்கலத் தரத்துக்கு ஒரு நிமிடம், வெள்ளிக்கு மூன்று, தங்கத்துக்கு ஐந்து நிமிடம் கள்வனுக்குத் தாக்குப்பிடிக்க வேண்டும். தங்கத் தரம் என்றாலும் ஐந்தே நிமிடம்! இப்போது பற்றரியில் இயங்கும் இரும்பு அரியும் மெசின் சந்தைக்கு வந்தபின் அதுவும் சுருங்கிவிட்டது. பூட்டு என்பது நேரத்தை வாங்கித் தரும் பொருள். அந்த நேரத்துக்குள் பார்க்க ஒரு கண் வேண்டும். கேட்க ஒரு காது வேண்டும்.

இதற்காக அட்டையைக் கிழித்து எறியச் சொல்லவில்லை. பழுதுக்கான உத்தரவாதம் பெறுமதியானது. அதைப் பயன்படுத்த எம்மவர் தயங்குவதுதான் பிழை. வெள்ளவத்தையில் கடற்காற்றுக்குப் பூட்டு சில மாதத்திலேயே துருப்பிடித்து இறுகுகிறது. துருவுக்குப் பொறுப்பில்லை என்று அட்டையில் இருக்கிறதா என வாங்குமுன்னரே கேளுங்கள். உத்தரவாதம் தருவது யார், செய்த நிறுவனமா, இறக்குமதி செய்தவரா, கடையா என்றும் கேளுங்கள். இலங்கை முகவரி இல்லாத அட்டை வெறும் கடதாசி. பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டப்படி, கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை. கொடுத்த உத்தரவாதத்துக்கு மாறாகப் பொருள் இருந்தால் அதிகாரசபைக்கு முறையிடலாம்; தொலைபேசி இலக்கம் 1977. ஆனால் விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஒரு வருட உத்தரவாதம் என்று எண்ணி எட்டாம் மாதம் போனால் அந்தக் கதவு சாத்தியிருக்கும்.

சைக்கிள் போய்விட்டால் பொலிஸுக்குப் போகத் தயங்குகிறவர்கள் பலர். “போனாலும் கிடைக்கவே போகுது?” என்பார்கள். கிடைக்காமற் போகலாம். ஆனால் எங்கோ ஒரு மூலையில் பிடிபட்ட பத்துச் சைக்கிளில் உங்களுடையது இது என்று காட்ட, முறைப்பாட்டையும் சட்ட இலக்கத்தையும் விட்டால் வேறு வழியில்லை. கொழும்பிலும் அரச அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையில் இருக்கிறது. நடைமுறையில் தமிழ் எழுதத் தெரிந்த உத்தியோகத்தர் அந்நேரம் இருக்கமாட்டார் என்பதும் எமக்குத் தெரியும். சிங்களம் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போங்கள், எழுதியதை வாசிப்பித்துக் கேட்டபின் கையெழுத்து வையுங்கள். சட்ட இலக்கம் பெரும்பாலும் பெடல் அச்சின் அடியிலோ சீற் குழாயிலோ பொறித்திருக்கும். மண்ணும் எண்ணெயும் மூடியிருந்தால் துடைத்து, மேலே ஒரு வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தால் இலக்கம் தாளில் எழும்பும். அந்தத் தாளைக் குடும்ப அட்டையோடு வையுங்கள். வடக்கில் பிரதேச சபைக்குக் காசு கட்டிச் சைக்கிளுக்கு ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் எடுத்தது மூத்த வாசகருக்கு ஞாபகம் இருக்கும். அப்போது அதை வீண் செலவு என்று திட்டினோம்.

இனிப் பூட்டுக்கு வருவோம். பின்சில்லில் பொருத்திய வளையப் பூட்டு சில்லைச் சுழலவிடாது, அவ்வளவுதான். சைக்கிளைத் தூக்கி முச்சக்கர வண்டியில் போட அதனால் தடையில்லை. பிளாஸ்ரிக் உறை போட்ட கம்பிப் பூட்டைக் குறடு கடித்துவிடும். மூன்று இலக்கம் திருப்பும் பூட்டில் ஆயிரம் சேர்க்கைகள். ஒன்றுக்கு ஒரு செக்கன் என்றால் பதினேழு நிமிடத்தில் முடிந்தது. ரயிலில் கோட்டைக்குப் போகிறவர் காலையில் நிலையத்தருகே விட்ட சைக்கிளை மாலைதான் எடுப்பார். பதினேழு நிமிடம் அங்கே யாருக்கு இல்லை? தடித்த சங்கிலியும் நல்ல ஆமைப்பூட்டும் வாங்கி, சட்டத்தையும் பின்சில்லையும் சேர்த்து, நிலத்தில் ஊன்றிய கம்பத்தோடு பூட்டுங்கள். சங்கிலி தரையில் தொய்ந்து கிடக்க வேண்டாம். தரையில் வைத்து அடித்து உடைப்பது இலகு. துளை கீழ்நோக்கி இருந்தால் மழைத்தண்ணீர் இறங்காது. மாதம் ஒருமுறை தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. கிரிப்டோனைட் நிறுவனம் தொடங்கிய காலத்தில் நியூயோர்க் வீதியில் ஒரு சைக்கிளைப் பூட்டி ஒரு மாதம் விட்டுப் பார்த்தார்களாம். கழற்றக்கூடிய சாமான் எல்லாம் போய், பூட்டிய சட்டம் மட்டும் நின்றது. ஆகவே பம்பையும் லைற்றையும் கையோடு கொண்டுபோவது வெட்கப்படும் காரியமல்ல.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கு நல்லூர்த் திருவிழாதான் நினைவுக்கு வருகிறது. கோயிலைச் சுற்றியுள்ள வீட்டுக்காரர்கள் வளவைத் திறந்துவிட்டுச் சைக்கிள்களைப் பொறுப்பெடுப்பார்கள். இலக்கம் எழுதிய சின்ன அட்டைத் துண்டு ஒன்று ஹான்டிலில். அதே இலக்கத் துண்டு உங்கள் கையில். சனத்துக்குள் போய்த் தேர் பார்த்துத் திரும்பும்வரை சைக்கிளைப் பற்றிய கவலை எவருக்கும் இராது. அந்தத் துண்டில் டொலர் கணக்கு இல்லை, சின்ன எழுத்து நிபந்தனை இல்லை. கொடுத்தவர் படலையடியில் கதிரை போட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் அறிந்த வரையில் சைக்கிளுக்கு அதைவிட நல்ல உத்தரவாதம் கிடையாது.

கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் அதைச் செய்ய முடியாதா? வளவுக்கு இங்கே பஞ்சம் என்பது உண்மை. ஆனால் மாடிவீடுகளின் கீழே வெறுமையாய்க் கிடக்கும் இடம் உண்டு. தேவாலய முற்றமும் கோயில் வீதியும் வேலைநாளில் காலியாக இருக்கின்றன. பகல் முழுவதும் வீட்டில் இருக்கும் முதியவர்களும், சிறு வருமானம் தேடும் விதவைப் பெண்களும் எம்மிடையே இருக்கிறார்கள். ஒரு சைக்கிளுக்கு நாளுக்கு இருபது ரூபா என்றாலும் முப்பது சைக்கிளுக்கு அறுநூறு ரூபா. கொடுப்பவருக்கு அது பெரிய பாரமில்லை. மழைக்கு ஒரு தகரம், கட்ட ஒரு நீளக்கம்பி, இலக்கத் துண்டுகள், ஒரு கொப்பி. தொடங்குவதற்கு வேறு முதல் வேண்டியதில்லை.

அதோடு இன்னொரு யோசனை. ஊரில் மரணாதார சங்கம் நடத்திய எம்மவருக்குச் சைக்கிள் நிதி ஒன்று நடத்துவது புதிதாயிராது. இருபது குடும்பம், மாதம் இருநூறு ரூபா என்றால் மாதம் நாலாயிரம், வருடத்தில் நாற்பத்தெண்ணாயிரம். ஒருவரின் சைக்கிள் போனால் பழையதொன்றை வாங்கி மறுகிழமையே அவரைத் தொழிலுக்கு அனுப்பலாம். இங்கேயும் நிபந்தனை வேண்டும். இல்லாவிட்டால் சைக்கிளை விற்றுவிட்டுக் களவு போனது என்று சொல்லவும் ஆள் வரும். சீட்டுப் பிடித்தவர்களுக்கு இது தெரியாததல்ல. உடைந்த பூட்டைக் காட்டு என்று வெளிநாட்டு நிறுவனம் ஏன் கேட்கிறது என்பதும் அப்போது கொஞ்சம் விளங்கும். எமது நிதி பூட்டைக் கேட்க வேண்டியதில்லை. சேரும்போதே சட்ட இலக்கத்தைக் கொப்பியில் பதியட்டும், சங்கிலியால் கம்பத்தோடு பூட்டும் வழக்கமுள்ளவரா என்று அயலவர் சொல்லட்டும், களவு போனால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதி கேட்கட்டும். கொப்பி ஒருவரிடமும் காசு இன்னொருவரிடமும் இருப்பது நல்லது. முதல் மாதத்திலேயே ஒருவரின் சைக்கிள் போனால் என்ன செய்வது என்று கூட்டத்தில் கட்டாயம் கேட்பார்கள். சேர்ந்திருக்கும் காசை அவருக்குக் கடனாகக் கொடுத்து, மிச்சத்துக்கு இரண்டு மாதச் சந்தாவை எல்லோரும் முன்கூட்டிக் கட்டலாம். ஆறு மாதம் ஒழுங்காகக் கட்டியவருக்கே இனாமாகக் கொடுப்பது என்று தொடக்கத்திலேயே எழுதி, எல்லோரும் கையெழுத்து வைத்துவிட்டால் பிறகு மனஸ்தாபம் வராது.